சாத்திக்கொள்ளும் பிரவுசர்

மறுபடியும் சாத்திக்கொண்டது பார், விருந்தாளி தலையைக் கண்டதும் கதவை அடைக்கிற கஞ்சன் வீடு மாதிரி, லேப்டாப்பில் வெள்ளையாக ஒரு பக்கம் வரும், அந்தப் பெண் இனியா விரலை வைத்துத் தட்டுவாள், உடனே பிரவுசர் மாயம்... இந்தக் கூத்தைப் பார்க்கத்தானா அடுப்பிலிருந்து பாலை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தோம் என்று அமுதவல்லிக்கு அலுப்பாக இருந்தது, ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டு வந்தவள் முடிவு தெரியாமல் திரும்புவதாவது, இந்தச் சாரம் ஏரியாவில் இத்தனை வருஷம் குடியிருந்ததற்கு அர்த்தம்தான் என்ன? நர்சிங் சீட்டாம், கவர்மெண்ட் காலேஜாம், சாயங்காலம் ஐந்து மணிக்குள் இவள் ‘சம்மதம்’ என்று அழுத்தவில்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்கிறவளுக்குப் போய்விடுமாம், யாருக்கு வந்திருக்கிறது பார் சீட்டு, செல்வாம்பாள் மகளுக்கு! மில் மூடினதிலிருந்து எந்த வேலையிலும் நிலையாக நிற்காத சின்னக்கண்ணு பெற்ற பெண்ணுக்கு... நம் மகள் அபிக்கு டியூஷன் என்ன, காலையில் ஊறவைத்த பாதாம் என்ன, வந்ததா? பி.காம் சேர்ந்து, அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள்.

“வைரஸ்க்கா, வேற ஒண்ணுமில்ல,” என்றான் பிரேம்குமார், செல்வாம்பாளின் தம்பி, கடையில் மிக்சி விற்கிறவன், பைக் சாவியோடு ஒரு பென் டிரைவைக் கோத்துக்கொண்டு திரிவதாலேயே கம்ப்யூட்டர் படித்தவன் என்று இந்தக் குடும்பம் நம்பிக்கொண்டிருக்கிறது. வந்ததிலிருந்து அணைத்தான், போட்டான், அணைத்தான், பிறகு பிரவுசரையே பிடுங்கி எறிந்துவிட்டுப் பென் டிரைவிலிருந்து புதிதாக ஒன்றை ஏற்றினான், அதுவும் திறந்தது, இனியா தட்டினாள், அதுவும் போய்ச் சேர்ந்தது. மிக்சி ஓடவில்லை என்றாலும் இப்படித்தான் வேறு மிக்சி கொடுப்பான் போலிருக்கிறது... “மாமா, வேற எழுத்து அடிச்சா பிரிண்ட் எடுக்கவான்னு கேக்குது,” என்றாள் இனியா. “அதாம்மா வைரஸு, புத்தி மாறிப் பேசும்,” என்றான் அவன். பேய் பிடித்தவளைப் பற்றிச் சொல்கிற தோரணை, வேப்பிலை ஒன்றுதான் குறைச்சல். அமுதவல்லி சிரிப்பைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டாள்.

விஜயதசமி என்று மூலையிலிருந்த பிரவுசிங் சென்டரும் பூட்டு, இனியாவின் போன் போன வாரம் துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்து உயிரை விட்டது, பிரேம்குமாரின் போன் திரை உடைந்து ரிப்பேர் கடையில், செல்வாம்பாள் வைத்திருப்பது பட்டன் போன், சின்னக்கண்ணு ஊரின் அந்தக் கோடியில் கதிர்காமத்தில் வாட்ச்மேன் டியூட்டியில், அவன் கையிலிருப்பதும் அதே வம்சம்... வாய்ப்பு வாசலுக்கு வரும்போது ஒரு வீட்டில் உருப்படியாக ஒரு சாமானாவது இருக்க வேண்டாமா, நாங்களெல்லாம் வைத்திருக்கவில்லையா என்று நினைத்தவள் மடியிலிருந்த தன் போனை ஏனோ முந்தானைக்குள் தள்ளினாள், பிரான்சிலிருந்து தம்பி கொண்டுவந்து கொடுத்தது, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். செல்வாம்பாள் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். “யக்கா, உன் போன்ல நெட்டு வருமே, அதுல ஒருதபா பாக்கலாமா?”

“சார்ஜு சுத்தமா இல்லடி. காலையிலேர்ந்தே செத்துக் கெடக்குது.”

யார் சொன்னது இதை? நம் வாய்தானா? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே நிறைய ஏற்றினோம்... சரி, சொல்லியாயிற்று, அடுத்தவர் போனை எதற்குக் கேட்கிறார்கள், அதில் ஆயிரம் இருக்கும், படம் இருக்கும், பேங்க் இருக்கும், கொடுப்பதா வேண்டாமா என்பது அவரவர் இஷ்டம், இதில் என்ன பாவம்? ஆனால் அந்தப் பெண் எழுந்து வந்து கையை நீட்டினாள். “குடுங்க பெரிம்மா, சார்ஜ் போட்டு வைக்கிறேன்.” மாட்டேன் என்று எந்தக் காரணத்தைச் சொல்வது, முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், இனியா உள்ளே போனாள், சார்ஜர் மாட்டுகிற சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை, ஒரு பெண் ஒரு ஒயரை மாட்டிவிட்டுத் திரும்ப இத்தனை நேரமா? வந்தாள், உட்கார்ந்தாள். “கொஞ்சம் ஏறினதும் அதுலயே பாத்துடலாம்டி,” என்றாள் செல்வாம்பாள். “வேணாம்மா, இதுலயே பாக்குறேன்,” என்றாள் மகள், இந்தப் பக்கம் திரும்பாமல்.

அமுதவல்லி நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள். ஏதாவது பேச வேண்டும், ஏதாவது, இந்த வீட்டில் குறை சொல்ல ஒன்று கிடைக்காமலா போய்விடும்... லேப்டாப்பைப் பார்த்தாள், அதுவும் கவர்மெண்ட் சும்மா கொடுத்தது, நெட்டுக்குச் சொருகின டாங்கிளும் யாரோ கொடுத்ததுதான், நேற்றைய ஆயுத பூஜையில் மூடியில் பட்டை, நடுவில் குங்குமம், அதோடு விட்டார்களா, திறந்து எழுத்துப் பலகையிலும், கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவுகிறாற்போல நாலு மூலையிலும் கெட்டிச் சந்தனம், பக்தியாம், பக்தி. “ஏண்டி செல்வா, அம்மிக்கல்லுக்கு அப்புற மாதிரி இதுக்கும் நாலு மூலையிலயும் அப்பி வச்சிருக்கீங்களே, உள்ள எறங்காது? நல்லவேள, அபிஷேகம் பண்ணாம விட்டீங்க!”

இனியாவின் விரல் அப்படியே நின்றது. இடது கீழ் மூலையைக் குனிந்து பார்த்தாள், கன்ட்ரோல் என்று எழுதிய அந்தக் கட்டை காய்ந்த சந்தனத்தோடு அமுங்கிக் கிடந்தது, எழும்பவே இல்லை. “மாமா, இது அழுந்தியே இருக்குது... இதோட டபிள்யூ அடிச்சா மூடிக்கும்ல? நான் மொதல்ல டபிள்யூதான அடிக்கிறேன்!” பிரேம்குமார் பென் டிரைவைப் பிடுங்கி மறுபடியும் பைக் சாவியோடு கோத்துக்கொண்டான். செல்வாம்பாள் வளையலிலிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள், சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது, கட்டை டக்கென்று மேலே வந்தது, பிரவுசர் திறந்தது, பெண் தட்டினாள், நின்றது, எழுத்து வந்தது, காலேஜ் பக்கம் வந்தது, அவள் பெயர் வந்தது... அழுத்திவிட்டாள். செல்வாம்பாள் அமுதவல்லியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீ மட்டும் வந்து பாக்கலன்னா என் பொண்ணு பொழப்பு போயிருக்கும்க்கா, தெய்வமா வந்து சொன்ன.” கேலி பண்ண வந்தவளுக்குத் தெய்வப் பதவி, இவர்களுக்கு யாரைக் கும்பிடுவது என்று எப்போதுதான் தெரிந்திருக்கிறது... பிடித்த கையை உருவிக்கொள்ள மட்டும் வரவில்லை.

கிளம்பும்போது இனியா போனைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். ஒளிர்ந்துகொண்டிருந்தது, ஓரத்தில் பேட்டரி கிட்டத்தட்ட முழுசாக. “நல்ல போனு பெரிம்மா, அதுக்குள்ள ஏறிடுச்சு,” என்றாள். சிரித்தாளா? உதடு அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும். குரலில் ஒன்றுமே இல்லை, மரியாதையைத் தவிர. ஒருவேளை நிஜமாகவே அப்படி நம்புகிறாளோ, சின்னப் பெண், என்ன தெரியும்... தெரியாமலா அம்மாவிடம் வேண்டாம் என்றாள்? படியில் கால் வைத்தவள் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பெண் வாசலில் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவசரமில்லாமல், எதையும் தவறவிடாமல். இந்தத் தெருவில் அப்படிப் பார்க்கத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று அமுதவல்லி இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.