கைலி, லுங்கி, சாரம்

"அந்தப் பக்கத்துல ஏம்மா அவரைத் தேடுற? உசுரோட இருக்கிற ஆளை..."

"அக்கா, கொஞ்சம் கேளுங்க. ரெண்டு பட்டியலையும் சேர்த்தாத்தான்..."

"சேக்காதன்னா சேக்காத!"

1

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தபோது, முதுகுக்குப் பின்னால். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் முகம் கிடைத்திருக்கும், குரல் போயிருக்கும். மீதியெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் குரலுக்குப் பாண்டீஸ்வரி என்று பெயர் வைத்தேன். அவள் கணவன் முத்திருளன் கல்குவாரி வேலைக்குப் போய் மூன்று வருஷமாக வீடு திரும்பாதவன். மற்றவள் ரூத், மடியில் லேப்டாப். காணாமல் போனவர்களைத் தேடித்தரும் ஒரு சிறு குழுவில் வேலை.

தேடல் என்பது சொற்களுக்கிடையே உள்ள உறவுகளை... (வேண்டாம். கட்டுரை மாதிரி இருக்கிறது. ரூத்தே சொல்லட்டும்.)

"புகார்ல நீங்க கைலின்னு எழுதியிருக்கீங்க. ஆஸ்பத்திரியில லுங்கின்னு எழுதுவாங்க. தெக்க சாரம்பாங்க. கம்ப்யூட்டருக்கு மூணும் வேற வேற. ஒரே துணிதான்னு நாம சொல்லிக்குடுத்தா, எப்படி எழுதியிருந்தாலும் எடுத்துக் குடுத்துரும். அதே மாதிரி இந்தப் பட்டியல்ல காணாமப் போனவரும், அந்தப் பட்டியல்ல அடையாளம் தெரியாத உடலும்..."

"உடலுங்காத."

"சரிக்கா."

"துணியை எம்புட்டு வேணா ஒண்ணாக்கிக்க. ஆளை ஆக்காத."

3

இங்கே எனக்குப் பாண்டீஸ்வரி மேல் சந்தேகம் வந்தது. தேடச்சொல்லி வந்தவள் ஏன் தடுக்கிறாள்? மூன்று தரம் எழுதி அடித்தபின் அவளே சொன்னாள். (என்னிடம் மட்டும். ரூத்துக்குத் தெரியாது.)

"வலது கையில எம்பேரைப் பச்சை குத்தியிருந்தாரு. அதை மட்டும் புகார்ல எழுதலை. கைலி கட்டுனவன் ஆயிரம் பேரு இருப்பான். எம்பேரு இருந்தா அது அவருதானே?"

4

முடிவு ஒன்று: முத்திருளன் கப்பலூரில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாக... (அடித்துவிட்டேன். அத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு வராதவன் என்றால் அது வேறு துக்கம்.)

முடிவு இரண்டு: எதுவும் கிடைக்கவில்லை. இருவரும் டீ குடித்துவிட்டு... (பாண்டீஸ்வரிக்கு இதுதான் வேண்டும். எனக்கும்தான். எழுத வரவில்லை.)

மூன்றாவதை நான் எழுதமாட்டேன். காதில் விழுவதை மட்டும் தருகிறேன். பதில் உங்கள் பாடு.

"சரி, சேத்துக்க. கைலியை மட்டும் வச்சுப் பாரு."

"நாப்பத்தோரு பேரு வருதுக்கா."

"அம்புட்டுப் பேரா?"

"அம்புட்டுப் பேருக்கும் யாரும் வரலை."

"ம், மேல சொல்லு."

"ஒருத்தர் கையில மட்டும் ஏதோ எழுத்து இருக்காம். 'பாண்டி' வரைக்கும்தான் படிக்க முடிஞ்சுதாம். மதுரையில பாதிப்பேரு பாண்டிதான், இருந்தாலும் கேக்குறேன். அக்கா, அவரு பச்சை குத்தியிருந்தாரா?"