யாரும் தடுக்காத வழி

சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி நாற்பது அடிக்கு ஏறியிருக்கும். உச்சியில் இருக்கிற சரத்தைப் பறிக்க, மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். லாசர் இருபத்திரண்டு வருடம் அப்படி ஏறினான். கயிறு கிடையாது, பெல்ட் கிடையாது. ஏணி பழசாகிவிட்டது என்று அவன் எஸ்டேட் ரைட்டரிடம் மூன்று முறை சொல்லியிருந்தான். பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஏணி முறிந்தது.

அவன் மனைவி தேவகுமாரி பக்கத்து மரத்தடியில் உதிர்ந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்தாள். லாசர் எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை, விலாவில்தான் அடி என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தான். ரத்தம் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. கால் மணி நேரத்தில் உதடு வெளுத்தது. வயிறு கல்லாக இறுகியது. இது சாதாரண அடி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதால், கூலிக்காரர் வீடுகள் வரிசையாக இருக்கிற லைனில் ஜீப் நின்றது. ஏற்காடு பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் சாதிக் பாஷா, வாரத்தில் அந்த ஒருநாள் அரிசி, எண்ணெய் எல்லாம் ஏற்றிக்கொண்டு கொட்டச்சேட்டுப் பக்கத்து எஸ்டேட் லைன்களுக்கு வருவார். லாசரின் தம்பி ஜேசுதாசும் இன்னும் மூன்று பேரும் தார்ப்பாயில் அவனைத் தூக்கிவந்து ஜீப்பின் பின்னால் கிடத்தினார்கள். தலை தேவகுமாரியின் மடியில் இருந்தது.

லைனிலிருந்து மெயின் ரோட்டுக்கு இரண்டு வழி. ஒன்று பங்களா ரோடு. முதலாளியின் பங்களா வாசலைத் தொட்டுக்கொண்டு போகிற தார் ரோடு. இரண்டு பக்கமும் பூச்செடி, கடைசியில் ஒரு பெரிய கேட், அதைத் தாண்டினால் பஸ் போகிற ரோடு. பத்து நிமிடம். இன்னொன்று லைன் பாதை. பாறையும் பள்ளமுமாக இரண்டு ஓடைகளில் இறங்கி ஏறி, வாழவந்தி ரோட்டில் போய்ச் சேரும். ஜீப்புக்கே முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

சாதிக் பாஷா வெளியாள் என்பதால் அவருக்குத்தான் அது தோன்றியது.

"ஏம்மா, பங்களா வழியா போயிரலாமா? கேட்டு தொறந்துதான் கெடக்குது, மெயின் ரோட்டுல வரும்போது பாத்தேன்."

"வேண்டாங்க பாய்," என்றாள் தேவகுமாரி. "அது நம்ம வழியில்லீங்க. லைன் பாதையிலயே போங்க."

இதைப் படிக்கிற உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். தோன்றட்டும். உங்கள் ஆபீசில் மேலதிகாரி லீவு போட்ட நாளில், அவர் நாற்காலி காலியாகக் கிடக்கும்போது, கால் வலிக்கிறது என்று போய் உட்கார்ந்திருக்கிறீர்களா? யாராவது உட்காராதே என்று சொன்னார்களா? பிறகு எதற்கு இவளைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்? புருஷன் உயிர் மடியில் கிடக்கும்போதும் அவள் யோசித்துச் சொல்லவில்லை. கூட இருந்த நான்கு ஆண்பிள்ளைகளில் ஒருவனும் ஏன் என்று கேட்கவில்லை. சாதிக் பாஷாவும் மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பினார்.

இரண்டாவது ஓடையில் பின்சக்கரம் சறுக்கியது. இறங்கித் தள்ளினார்கள். லாசர், "வந்துட்டமா?" என்று கேட்டான். இன்னும் கொஞ்ச தூரம்தான் என்றாள். மேடு ஏறும்போது மறுபடியும் கேட்டான். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மண்ணீரல் கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் போயிருக்கிறது என்று ஏற்காட்டில் டாக்டர் சொன்னார். "அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா சேலத்துக்கு அனுப்பிப் பாத்திருக்கலாம்மா." அந்த அரை மணி நேரத்தை யார் சாப்பிட்டது என்பதுதான் இந்தக் கதை.

முதலாளியை லைனில் துரை என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அந்தச் சொல் மட்டும் போகவில்லை. இப்போதைய துரைக்கு முப்பத்தைந்து வயது. சென்னையிலிருந்து அடக்கத்துக்கே வந்துவிட்டார். கல்லறைத் தோட்டத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று ஒரு பிடி மண் போட்டார். அப்புறம் தேவகுமாரியிடம் வந்து, "ஏம்மா இந்தப் பக்கமா வரலை? கேட் திறந்துதானே இருந்தது? உங்களை யாரும்மா தடுத்தாங்க?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். நடிப்பு இல்லை.

அன்றிலிருந்து லைன் முழுக்க அதே பேச்சு. தொரை தங்கமானவரு. மண்ணு போட வந்தாரு பாரு. இவதான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம அந்த வழி வேண்டாம்னு சொல்லிப்போட்டா. ஜீப்பில் கூட வந்த மூன்று பேரும் இதைச் சொன்னார்கள் என்பதுதான் தேவகுமாரியை அறுத்தது. துஷ்டி கேட்க வந்த பெண்கள், கட்டிப்பிடித்து அழுது முடித்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று இதையே பேசிவிட்டுப் போனார்கள்.

அவள் ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அந்த ரோட்டில் போகக்கூடாது என்று உனக்கு யார் சொன்னார்கள்? ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஜெயகுமாரி, "மழ மேல இருந்து பெய்யுதுன்னு எனக்கு யாரு சொன்னாங்க? அதாட்டத்தான் இதுவும்" என்றாள்.

பத்தாம் நாள் சேலத்திலிருந்து தொழிற்சங்கத்துக்காரர் முருகேசன் பஸ் ஏறி வந்தார். நல்ல மனுஷன். ஏணி விஷயத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு வழி விஷயத்துக்கு வந்தார்.

"தடுத்தது யாருங்க? வாட்ச்மேனா, ரைட்டரா? பேரு சொல்லுங்க."

"யாரும் இல்லீங்க."

"போகக்கூடாதுன்னு போர்டு கீர்டு?"

"இல்லீங்க."

முருகேசன் பேனாவை மூடினார். "ஆளும் வர்க்கம் எல்லாத்தையும் கையில வெச்சிருக்குதும்மா. போலீசு, கோர்ட்டு, ஆபீசு எல்லாம் அவங்களுதுதான். நாம ஒரு ஆளையாவது காட்டோணும். ஆளே இல்லாம யாரு மேல கேஸ் போடறது?"

"அப்ப எனக்குள்ளாற உக்காந்துக்கிட்டு வேண்டாம்னு சொன்னது யாருங்க?"

முருகேசன் இருபது வருடமாகக் கூட்டங்களில் பேசிவந்தது இதைப் பற்றித்தான். மணிக்கணக்கில் பேசுவார். அன்றைக்கு டம்ளரைக் கையில் எடுத்தார். டீயைக் குடித்துவிட்டு, ஏணி கேஸை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சொன்னவர் லைன் பாதையில்தான் இறங்கிப் போனார்.

சங்கம் வந்துபோன சேதி பங்களாவுக்கு எட்டியது. அடுத்த நாளே ரைட்டர் கோவிந்தராஜ் ஒரு தாளோடு வந்தார். லேபர் ஆபீசுக்கு அனுப்ப வேண்டிய வாக்குமூலம். எஸ்டேட்டுக்கு ரைட்டர் என்றால் கணக்குப்பிள்ளையும் அவர்தான், வேலைக்கு ஆள் பிரிக்கிறவரும் அவர்தான். படித்துக் காட்டுகிறேன் என்றார். தேவகுமாரி எட்டாவது வரை படித்தவள். தாளைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

எஸ்டேட் சாலை திறந்திருந்தும், இறந்தவரின் மனைவி தன் விருப்பப்படி வேறு பாதையில் கொண்டுசென்றதால் ஏற்பட்ட தாமதமே மரணத்துக்குக் காரணம் என்று அதில் இருந்தது. ஏணியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

"இதுல கையெழுத்துப் போட்டா ஊடு உன்னுது. கடைசி வரைக்கும் இருந்துக்கலாம்," என்றார் கோவிந்தராஜ். "இல்லாட்டி ஊடு லாசர் பேருல இருந்ததுதான? மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லுவாங்க."

"தன் விருப்பப்படின்னு போட்டிருக்குதுங்களே."

"நீதானம்மா சொன்ன? பாயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காரு."

பாய் பொய் சொல்லவில்லை. அவள் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போட்டால் புருஷனைக் கொன்றது நான்தான், அதுவும் விரும்பித்தான் என்று எழுதிக்கொடுத்த மாதிரி. போடாவிட்டால் தெருவில் நிற்க வேண்டும்.

"ஏனுங்க ரைட்டரே, உங்க மொபெட்டை எங்க நிறுத்தறீங்க?"

"கீழ, காப்பி ஷெட்டுல. எதுக்கு?"

"பங்களா வாசல் வரைக்கும் தார் ரோடு கெடக்குதுங்களே. ஷெட்டுல இருந்து மேடேறி நடந்துதான போறீங்க. உங்களுக்கு நெஞ்சு வலி வேற."

கோவிந்தராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது... பழக்கம்மா."

"யாருங்க பழக்குனாங்க?"

அறுபது வயது மனிதர், முப்பது வருடம் அந்த மேட்டை மூச்சு வாங்க ஏறியவர். முதல் தடவையாக அதை யோசித்தாரோ என்னவோ, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம தொரை இருப்பாரு. வந்துரு. நான் என்னம்மா பண்ணட்டும், எனக்கும் பொழப்பு இருக்குதுல்ல."

ஞாயிற்றுக்கிழமை ஜேசுதாஸ் அவளை அழைத்துப் போனான். அண்ணன் மேல் உயிராக இருந்தவன்தான். ஆனால் அவன் வீடும் அதே லைனில் இருக்கிறது, அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். காப்பிச் செடிகளுக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் ஏறி, சமையல்கட்டுப் பக்கமாகப் பங்களா வராந்தாவுக்கு வந்தார்கள். கோவிந்தராஜ் தாளோடு நின்றுகொண்டிருந்தார்.

துரை தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை. உட்கார வேண்டும் என்றுதான் நினைத்தாள். முழங்கால் மடங்கவில்லை.

"இது ஒரு ஃபார்மாலிட்டிதான்மா. வேற ஒண்ணும் இல்லை. வீடு உங்களுக்குத்தான், அதுக்கு நான் பொறுப்பு."

"கையெழுத்துப் போடறனுங்க தொரை," என்றாள் தேவகுமாரி. "பொய் ஒண்ணுமில்லீங்க, நான்தான் வேண்டாம்னு சொன்னேன். ஒரே ஒரு வரி மட்டும் சேத்துக்குங்க. அப்படிச் சொல்லச் சொல்லி எனக்குச் சொன்னது யாருன்னு. எனக்கு அந்தப் பேரு தெரியலீங்க. உங்களுக்குத் தெரிஞ்சா எழுதிக்குங்க, நான் கீழ போட்டுத் தரனுங்க."

துரை குழம்பிப் போனார். "எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் அப்படிச் சொன்னதே இல்லையே. எங்க அப்பாவும் சொன்னதில்லை."

அதுவும் உண்மைதான். குழாயைத் திறக்கிறவன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பதில்லை. தன் வாசலில் இத்தனை வருடமாக ஏன் ஒரு கூலிக்கார ஆள் நடந்து போனதில்லை என்று அவர் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்காமலிருப்பதால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

ஜேசுதாஸ் குறுக்கே வந்தான். "துக்கத்துல என்னமோ பேசுதுங்க தொரை. மனசுல வெச்சுக்காதீங்க. அண்ணி, போடுங்க, எல்லாரையும் தெருவுல விட்டுறாதீங்க." பேனாவை எடுத்து அவள் கையில் திணித்தான். அவள் அதை மேஜையில் வைத்தாள்.

கோவிந்தராஜ் தொண்டையைக் கனைத்தார். "தம்பியும் ரத்த உறவுதானுங்க. ஜீப்புல கூட இருந்த சாட்சி. அவன் போட்டாலும் செல்லுமுங்க."

ஜேசுதாஸ் போட்டான். குனிந்து, முதுகை வளைத்து, பேரை எழுத்துக் கூட்டி எழுதினான். எழுதி முடித்துத் துரையைப் பார்த்துக் கும்பிட்டான். தன் அண்ணன் சாவுக்குத் தன் அண்ணிதான் காரணம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு அவன் கும்பிட்டதைத் தேவகுமாரி பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை.

அவள் வராந்தாவின் முன்படியில் இறங்கினாள். பங்களா ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். தார் வெயிலில் சுட்டது. பாத்தியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரன் பைப்பை அப்படியே பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தான். நூறு அடி போயிருப்பாள், தூரத்தில் கேட் தெரிந்தது. திறந்துதான் இருந்தது.

பின்னால் ஓடிவருகிற சத்தம் கேட்டது. ஜேசுதாஸ் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "அண்ணி, கிறுக்கு புடிச்சுதா உங்களுக்கு? இது நம்ம வழியில்ல. வாங்க." அவள் கையை உதறினாள். அவன் இரண்டு கையாலும் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். சேலை காலில் மாட்டி அவள் முட்டி போட்டு விழுந்தாள். அப்போதும் விடவில்லை. இழுத்துக்கொண்டே வராந்தாவைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க தொரை, மன்னிச்சுக்குங்க" என்று அழுதான்.

"விடுப்பா அவங்களை. அந்த வழியாவே போகட்டும், விடு," என்று துரை வராந்தாவிலிருந்து இரண்டு முறை சத்தம் போட்டார்.

ஜேசுதாஸ் பிறந்ததிலிருந்து துரை சொல்லை மீறியதில்லை. அன்றைக்குத்தான் மீறினான். அண்ணியை லைன் பாதை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்த பிறகுதான் கையை எடுத்தான்.