மெத்தைக்காரர் செய்த உருளை

மேகக்காரி என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மலை உச்சியில் உள்ள வானிலை நிலையத்தில் அவளுக்கு வேலை. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். 'இதுக்கெல்லாமா சம்பளம்?' என்று வாய் கூசாமல் கேட்பவர்கள் ஒரு தடவை அவள் பையைத் தூக்கிப் பார்க்கட்டும். பேட்டரி, கருவிகள், சாப்பாடு, கம்பளி எல்லாம் சேர்த்துப் பதினெட்டு கிலோ. சாலை கிடையாது. முதல் நாள் பாதி மலை ஏறி ஒரு தகரக் கொட்டகையில் தங்க வேண்டும், மறுநாள் மீதி மலை.

பாதி வழிக்கு மேல் மேகம் இறங்கி வந்து அவளை மூடிக்கொள்ளும். எடுத்து வைத்த கால்கூடக் கண்ணுக்குத் தெரியாது. நடக்கிறோமா, மிதக்கிறோமா என்று ஒரு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். பதினோரு வருடமாக அதற்காகத்தான் ஏறிக்கொண்டிருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

போன முறைதான் கால் காலை வாரிவிட்டது. இரண்டாம் நாள் ஏழாவது வளைவில் கெண்டைக்கால் சதை இறுகிப்போய், அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். பேட்டரி நேரத்துக்குப் போய்ச் சேராமல் நிலையம் அரை நாள் ஊமையாகக் கிடந்தது. அதிகாரி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இன்னும் ஒரு தடவை பார்ப்போம்மா. மறுபடி இப்படி ஆச்சுன்னா கீழ ஆபீஸ்லயே உட்கார்ந்துக்கோங்க. ஃபைல் பார்க்கவும் ஆள் வேணுமே" என்றார்.

அந்த ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் சுவர்தான் தெரியும்.

காலைப் பிடித்துப் பார்த்த பிசியோகாரம்மா தைரியம் சொன்னார். "எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சதைதான் முடிச்சுப் போட்டிருக்கு. ஃபோம் ரோலர் ஒண்ணு வாங்குங்க. ஏறி முடிச்ச அன்னிக்கு சாயங்காலமே காலை அதுமேல வெச்சு நல்லா அழுத்தி உருட்டுங்க. மறுநாள் கால் உங்க பேச்சைக் கேட்கும்."

ஏறிய அன்றே உருட்ட வேண்டுமென்றால் அதையும் தூக்கிக்கொண்டுதானே ஏற வேண்டும்? பையில் மிச்சமிருந்தது முந்நூற்றைம்பது கிராம். விளையாட்டுச் சாமான் கடைக்கு அவள் ஸ்பிரிங் தராசோடு போய் நின்றாள். முதலில் காட்டியது அவள் இடுப்பு உயரம் இருந்தது. அடுத்தது பட்டனைத் தட்டினால் அதிரும், பேட்டரியில் ஓடும். "ஐயோ, இன்னொரு பேட்டரியா? ஆளை விடுங்க!" என்றாள். கடைசியாகக் குட்டையாக, நடுவில் ஓட்டையாக, கட்டையைப் போல இறுகலாக ஒன்று வந்தது. தராசு முந்நூற்று நாற்பது காட்டியது. ஓட்டைக்குள் காலுறைகளைத் திணித்துக்கொள்ளலாம். இதுதான் என்று முடிவு செய்து, வாய் சும்மா இருக்காமல், கணவருக்குப் போன் போட்டாள்.

அங்கேதான் வினை. கணவர் மெத்தைக் கடை வைத்திருப்பவர்.

"ஃபோம் வாங்க நீ வெளிக் கடைக்குப் போனியா? ஊரே சிரிக்கும். வீட்டுக்கு வா, நான் செஞ்சு தரேன்."

அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. கண்ணைக் கட்டிவிட்டு எந்த ஃபோமைக் கையில் கொடுத்தாலும், கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தி அதன் டென்சிட்டியைச் சொல்லிவிடுவார். வியாபாரத்தில் அவரை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை.

இரண்டே நாளில் உருளை தயாரானது. நீலத் துணி உறை, ஓரத்தில் வரி தவறாத தையல், எடை இருநூற்றுத் தொண்ணூறு. மேகக்காரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மத்தியானம் கடையிலேயே, கூரை வரை அடுக்கிய ஃபோம் பலகைகளுக்கு நடுவே, காலை அதன் மேல் நீட்டினாள். தெருச் சத்தம் ஃபோமுக்குள் அமுங்கிப்போய், எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. வெளிச்சம்கூட அங்கே பஞ்சு பஞ்சாகத்தான் வந்து விழுந்தது. இரண்டு தடவை உருட்டியிருப்பாள். கண் சொக்கியது.

கனவில் அவள் மலை ஏறிக்கொண்டிருந்தாள். முதுகில் பை இருந்தது, ஆனால் அதற்கு எடையே இல்லை. வளைவுகள் அவளை நோக்கித் தாமாகவே நடந்து வந்தன. யாரோ அவள் காலடியில் மேகத்தை மடித்து மடித்துப் போட்டுக்கொண்டே போனார்கள். உச்சி மட்டும் வரவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், மூன்று நாளும் இதே கதைதான். உருட்டுவாள், தூங்கிவிடுவாள், எழுந்து சிரிப்பாள். வெள்ளிக்கிழமை காலையில் பையில் மணலை நிரப்பிக்கொண்டு பக்கத்துக் குன்றில் ஏறிப் பார்த்தாள். மத்தியானம் வீட்டுப் படி இறங்க முடியவில்லை. முடிச்சு போட்டபடி அப்படியே இருந்தது. திங்கட்கிழமை பயணம்.

உருளையை மடியில் வைத்துக்கொண்டு கட்டை விரலால் அழுத்தினாள். விரல் முழுசாக உள்ளே போயிற்று. பதினாறு வருடம் அவரோடு குடித்தனம் செய்ததில் அவளுக்கும் கொஞ்சம் தெரியும். இது கைக்குழந்தையின் தலையணைக்குப் போடுகிற ஃபோம். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. நொண்டிக்கொண்டே கடைக்குப் போனாள். மெத்தைக்காரர் நீளக் கத்தியால் ஒரு பலகையை அறுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இது எந்த ஃபோம்னு தெரியாம செஞ்சிட்டீங்களா?"

தெரியாமல்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். அந்த மனுஷனுக்கு அது வரவில்லை.

"எனக்கா? ஃபோம் எனக்கா தெரியாது?" என்று சீறினார். சீறிய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கத்தியை மெல்லக் கீழே வைத்தார்.

"ஊருக்கெல்லாம் ரெட்டை மெத்தை விக்கறேன்" என்றார், ஃபோம் பலகையைப் பார்த்துக்கொண்டே. "நம்ம மெத்தையில பாதி நாள் ஒரு பக்கம்தான் அமுங்குது. நீ பாறையில உட்கார்ந்துட்டேன்னு தகவல் வந்த அன்னிக்கு எனக்கு உசிரே இல்ல. பயமா இருக்கு எனக்கு."

"அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே! போகாதேன்னு சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ நின்னுடுவே. அப்புறம் தினமும் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?"

"அதனால என் காலை விட்டுச் சொல்ல வெச்சீங்களா?"

அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. கோபத்திலா, இந்த மனுஷனை இத்தனை நாள் தனியாகப் பயப்பட விட்டோமே என்பதிலா என்று பிரிக்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவர் கடையைத் திறக்கவில்லை. "கிளம்பு" என்றார். விளையாட்டுச் சாமான் கடையில் இருந்த உருளைகளை ஒன்று விடாமல் அழுத்திப் பார்த்தார். விற்பனைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கடைசியில் அந்தக் குட்டை உருளைக்கே வந்தார். எவ்வளவு அழுத்தியும் விரல் இறங்கவில்லை.

"இதுதான். உன்னை அலற வைக்கும். உட்காரு, பார்க்கலாம்."

கடைத் தரையிலேயே உட்கார்ந்து கெண்டைக்காலை அதன் மேல் வைத்தாள். உடம்பு பாரத்தைக் கொடுத்து ஒரு உருட்டு. "ஐயோ, அம்மா!" என்று அவள் போட்ட சத்தத்தில் வாசலில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மெத்தைக்காரர் மண்டியிட்டு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"இன்னும் அழுத்து" என்றார்.

விற்பனைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "ரொம்ப வலிக்குதுன்னா மெத்துன்னு வேற ஒண்ணு இருக்கு சார், எடுத்துக் காட்டவா?"

"வேண்டாங்க" என்றார் மெத்தைக்காரர். "இவ திங்கக்கிழமை மலை ஏறணும்."

மேகக்காரி அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி வைத்தாள்.