குச்சி கீழே வந்தால்

எங்கள் இலோயிலோ நகர இசைக்குழுவின் ஞாயிறு கச்சேரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இருமுவதற்கென்றே வருகிறவர்கள். மீதிப் பேர் தூங்குவார்கள். இந்த ஞாயிறும் அரங்கம் காலியாகக் கிடந்தால் கச்சேரியையே நிறுத்திவிடுவதாக நிர்வாகக் குழு சொல்லிவிட்டது. அதனால் வயோலா வாசிக்கும் நான், நர்சிங் கல்லூரிப் பிள்ளைகளை ஜீப்னி வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு வந்தேன்.

இசை நடத்துநர் பெனாஃப்ளோருக்கு அது பிடிக்கவில்லை. "நடுவுல கை தட்டுவாங்க லுடிங். தட்டினா நான் எறங்கிப் போயிடுவேன்" என்றார். செய்யக்கூடியவர்தான். போன வருஷம் ஒரு செல்போன் அடித்ததற்கே இறங்கிப் போனவர்.

கச்சேரிக்கு முன்னால் பிள்ளைகளிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "நடுநடுவுல வாசிப்பு நிக்கும், ஏமாந்துடாதீங்க. நாலு பகுதி இருக்கு. எண்ண வேண்டாம், அவர் கையில இருக்கற குச்சியையே பாருங்க. அதைக் கீழ வைச்சா முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் மூச்சு விடக் கூடாது."

"மூச்சுகூடவா அக்கா?" என்றாள் முன்வரிசையில் இருந்த ஜெஸ்ஸமின்.

"உனக்கு மட்டும்."

முதல் பகுதி முடிந்தது. ஒரு சத்தம் இல்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அடுத்தது மெதுவான பகுதி. மெதுவான பகுதிகளை அவர் வெறும் கையால்தான் நடத்துவார். இத்தனை வருஷம் பார்த்தும் இந்த மண்டைக்கு அது ஞாபகம் வரவில்லை. அவர் குச்சியை எதிரே இருந்த இசைத்தாள் தாங்கியில் வைத்தார்.

அரங்கம் அதிர்ந்தது. விசில் வேறு.

பெனாஃப்ளோர் மெதுவாகத் திரும்பினார். கைதட்டல் அப்படியே அடங்கியது. போச்சு, என் கையாலேயே எல்லாவற்றையும் கெடுத்தேன் என்று நினைத்தேன்.

ஜெஸ்ஸமின் எழுந்தாள். "சார், நீங்கதானே குச்சியைக் கீழ வைச்சீங்க?"

"வைச்சா?"

"முடிஞ்சுதுன்னு அக்கா சொன்னாங்க."

எல்லா விரல்களும் என்னைக் காட்டின. பக்கத்தில் இருந்த வயலின்காரர்கூட வில்லால் காட்டிக் கொடுத்தார், துரோகி.

பெனாஃப்ளோர் குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "இன்னும் மூணு பகுதி இருக்கு, பிள்ளைங்களா. லுடிங்குக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, குச்சியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மெதுவான பகுதியையும் அதை வைத்தே நடத்தினார்.

நாலாவது பகுதியின் கடைசிச் சுரமும் ஓய்ந்தது. குச்சி மேலேயே நின்றது. வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று தெரிந்தது. அத்தனை பிள்ளைகளும் தட்டுவதற்குக் கைகளை விரித்தபடி காத்திருந்தார்கள். ஒரு இருமல் இல்லை. அந்த அரங்கத்தில் அப்படி ஒரு அமைதி அவருக்கு என்றைக்கும் கிடைத்ததில்லை. கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகுதான் குச்சியைக் கீழே வைத்தார்.

கூரை எப்படித் தாங்கியதோ தெரியவில்லை. அந்தச் சத்தத்தில் அவர் என் பக்கம் குனிந்து, "இதுங்க திரும்ப வருமா லுடிங்?" என்று சின்னப் பையனைப் போலக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெஸ்ஸமின் மேடையோரம் வந்து நின்றாள். "அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு சார்? எங்க சீனியருங்களும் வரேங்கறாங்க." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "இப்ப மூச்சு விடலாமா அக்கா?"

"விடு" என்றேன். நானும் விட்டேன்.