ஈரத் தலைத்துணி

“வண்டிச் சாவியைக் குடுங்கப்பா.”

கல்முராத் சாவுக்குப் போட்ட கூடாரத்து வாசலில் கோலை ஊன்றி நின்றிருந்தார். துக்கம் கேட்க வருகிறவர்களைப் பார்த்து ஓலமிட்டு அவருக்குக் குரல் கட்டிவிட்டது. உள்ளே, திரைக்குப் பின்னால், அவர் மனைவி குல்சுன் கிடத்தப்பட்டிருந்தாள். வழக்கப்படி வாசலுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து ஒப்பாரி வைக்க வேண்டிய மகள் பெர்மெத் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

காலையிலேயே சபீரா அத்தை பெர்மெத்தின் காதைக் கடித்திருந்தாள். “உங்கம்மாவுக்கு இந்த மண்ணுல உப்பும் தண்ணியும் அவ்வளவுதான் எழுதியிருக்கு. வண்டியப் பத்தி மட்டும் வாயத் திறந்துடாத.”

“இப்ப எதுக்கு சாவி?” என்றார் கல்முராத்.

“ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, அம்மாவ வச்சிக்கிட்டு கணவாயில ஏன் நின்னுச்சுன்னு பாக்கணும்.”

“இன்ஜின்ல பெட்ரோல் பம்பு சூடாயிடுச்சு. ஈரத்துணி போட்டா கிளம்பிரும். காலமெல்லாம் ஓட்டுறவனுக்குத் தெரியாதா?”

“கிளம்புச்சா?”

“கிளம்புச்சு. மறுபடி நின்னுச்சு. மறுபடி நனைச்சுப் போட்டேன்.” அவர் பார்வை திரைப் பக்கம் போனது.

வந்தவர்களுக்குப் போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்த அத்தை எண்ணெய்க் கரண்டியோடு வந்தாள். “பிஷ்கெக்குல இன்ஜினியரிங் படிச்ச திமிரு. பெத்தவ பொணமாக் கெடக்கா, இவளுக்கு மெக்கானிக் வேலை கேக்குது.”

“நாசிக் அண்ணிக்கு இன்னைக்கோ நாளைக்கோ வலி வரும் அத்தை. அதே கணவாய்லதான் போகணும். எந்த வண்டியில கூட்டிட்டுப் போவீங்க?”

அத்தை கரண்டியைப் பார்த்தாள். சாவு வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கக்கூடாதென்று நாசிக்கைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். அண்ணன் மாஸ்கோவில். வீட்டில் இருப்பது இந்த ஒரு ஜிகுலி கார்தான்.

பெர்மெத் அப்பாவின் கோட்டுப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை.

காரின் முன்மூடியைத் திறந்ததும் அவள் கை நின்றது. பம்பின் மேல், பலகையாய் உறைந்து, அம்மாவின் பூப்போட்ட தலைத்துணி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அவளே அவிழ்த்துக் கொடுத்திருக்க வேண்டும். பெர்மெத் அதைப் பிய்த்து வேலியில் போட்டாள். மடங்காமல் அப்படியே நின்றது.

இன்ஜினை ஓடவிட்டு மூடியைச் சாத்தினாள். கூடாரத்து ஒப்பாரியோடு சேர்ந்து ஓடியது. சூடேறியதும் இருமி நின்றது.

“வாங்கப்பா. சாவியத் திருப்புங்க.”

பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரின் முனையைக் கழற்றி, காய்ந்த விறகுக் குச்சியால் இன்ஜின் இரும்புக்கு அருகில் பிடித்தாள். அவர் திருப்பினார். இன்ஜின் சுற்றியது. ஒயர் முனையில் பொறி இல்லை. காயிலைத் தொட்டாள், விரல் சுட்டது. இரண்டு கையாலும் பனியை அள்ளி அதன்மேல் அப்பினாள். காத்திருந்தாள்.

“இப்ப திருப்புங்க.”

நீலமாய் ஒரு பொறி சடக்கென்று தாவியது.

“பம்பு இல்லப்பா, காயிலு. சூடானா சாவும், ஆறினா பொழைக்கும். நீங்க துணியப் போட்டுட்டு நின்ன நேரத்துல இது தன்னால ஆறியிருக்கு. இந்தப் பனியில பெட்ரோல் எங்கப்பா கொதிக்கும்? பனி விழுறதுக்கு முன்னாடியே போன்ல சொன்னேனே, மாத்துங்கன்னு.”

“பொட்டப்புள்ள போன்ல சொல்றத வச்சு...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வேலியிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “பரவால்ல. நாசிக்குக்கு வலி வந்தா, துணிய காயிலு மேலயே போட்டுக்கலாம். பெரிய துணியா,” என்றார்.

பெர்மெத் அவரையே பார்த்தாள்.

வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். கல்முராத் கோலைத் தேடி எடுத்து ஊன்றிக்கொண்டார். “ஐயோ, என் ஜோடியே!”

அவள் ஸ்பானரை எடுத்தாள். ஒயர்களைப் பிடுங்கி, காயிலைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டாள்.

“எங்கடி போற?” அத்தை கத்தினாள். “இன்னும் எடுக்கவே இல்லையே!”

“அண்ணியக் கூட்டிட்டு ரோட்டுக்கு. பால் லாரி வரும், அதுல ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம். இந்த வண்டி இனிமே வேணாம்.”

“அம்மாவ அடக்கம் பண்றப்ப மக இல்லாமலா?”

“இடுகாட்டுக்குப் பொம்பளைங்கள விடமாட்டீங்க. ரோட்டுக்காவது விடுங்க.”

வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் படலைத் தள்ளும்போது பைக்குள் கையை விட்டாள். காயிலில் ஒட்டியிருந்த பனி உருகிப் பை நனைந்திருந்தது. காயில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.