பதினேழு லோடு மண்

டிப்பர் ஓட்டும் தம்பி தன் அக்காவிடம் பட்டிருந்த கடன் மொத்தம் இருபத்து மூவாயிரத்து நானூறு. நடுரோட்டில் லாரியின் கியர் பாக்ஸ் கையை விரித்த அன்று, மறுபேச்சு பேசாமல் அக்கா எடுத்துக் கொடுத்த பணம் அது. அத்தனையும் துணி வெளுத்துச் சேர்த்தது. பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றின் துணி முழுக்க அவள் வீட்டுக்குத்தான் வரும். விரிப்பு, தலையணை உறை, பிறந்த பிள்ளையைச் சுற்றுகிற சின்னச் சின்னத் துண்டு. எல்லாம் வெள்ளை. கிணற்றுத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டால் பார்க்கிறவர் கண் கூசும்.

முற்றம் ஒன்றுதான் அவளுக்குத் தீராத தலைவலி. ரோடு போட வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டின் மேலேயே போட்டுப் போட்டுத் தெருவை உயர்த்திவிட, வீடு பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் விருந்தாளி மாதிரி நேரே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பணமாகக் கொடுக்க வழி தெரியாத தம்பிக்கு அந்தப் பள்ளம் கண்ணில் பட்டது. மண் அடித்துத் தருகிறேன், லோடுக்கு ஆயிரத்து முந்நூறு கழித்துக்கொள், பதினெட்டாவது லோடில் கணக்கு தீரும் என்றான்.

"கடனை மண்ணாக்கிட்டான்னு நாலு பேர் சொல்லுவாங்கடா" என்று அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே சரி என்றாள்.

மண்ணை அவன் விலைக்கு வாங்குவதாகத்தான் அவள் நினைத்தாள். அவனும் திருத்தப் போகவில்லை. முலாம் பூசும் பட்டறைகளுக்கு ரசாயன மருந்து காய்ச்சுகிற கம்பெனி ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. அதன் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு மலையே குவிந்து கிடந்தது. அள்ளிப் போனால் போதும் என்று கம்பெனி சூப்பர்வைசர் மேற்கொண்டு டீசல் காசும் கொடுத்தார். கல் இல்லை, வேர் இல்லை, கண்ணாடிச் சில்லு இல்லை. கையில் எடுத்தால் மாவாக உதிர்ந்தது. இதைவிட நல்ல மண் எங்கே கிடைக்கும் என்றுதான் தம்பிக்குப் பட்டது.

அங்கே லோடு ஏற்றுகிறவனுக்கு மூக்குத்தி என்று பட்டப்பெயர். டீ நேரத்தில் அவன் ஒரு வித்தை காட்டுவான். ஈர்க்குச்சியை ஒரு மூக்குத் துவாரத்தில் நுழைத்து அடுத்த துவாரத்தின் வழியாக வெளியே இழுப்பான். நடுவில் இருக்க வேண்டிய சதையே அவனுக்கு இல்லை.

"எல்லாரும் காசு கொடுத்து மூக்கு குத்திக்கிறாங்க. எனக்குக் கம்பெனியே சும்மா குத்தி விட்டுச்சு டிரைவரே" என்பான். வலிக்கவில்லையா என்று தம்பி கேட்டதற்கு, வலியே தெரியவில்லை, ஒருநாள் பார்த்தால் ஓட்டையாகிவிட்டது என்றான். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இன்னொரு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தான்.

பதினேழு லோடு இறங்கி முற்றம் தெருவுக்குச் சமமாக எழும்பியது. அக்காவே மண்வெட்டி பிடித்து நிரவி, தண்ணீர் தெளித்து, வெறுங்காலால் மிதித்து இறுக்கினாள். அந்த வருஷத்துப் பெரிய மழையில் ஒரு சொட்டு வீட்டுக்குள் வரவில்லை. இப்போதுதான் வீடு வீடாக இருக்கிறது என்று அவள் போனில் சொன்னபோது தம்பிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மழை விட்டுச் சில வாரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள். "லோடு வேண்டாம். நீ மட்டும் வா" என்றாள். கோபமா, அழுகையா, எதுவும் அந்தக் குரலில் இல்லை.

மிச்சத்தைப் பணமாகவே கேட்கிறாள் போலிருக்கிறது என்று ஆயிரத்து முந்நூறைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். கொடியில் கிடந்த விரிப்பெல்லாம் இளமஞ்சளாக இருந்தது. சுவரின் அடியில் முட்டைக் கருவை விசிறி அடித்த மாதிரி மஞ்சள் பூத்து உப்பாய்க் காய்ந்திருந்தது. துவைக்கிற கல்லின் மேல் ஆஸ்பத்திரி நர்ஸ் உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு வாளி தண்ணீர் இறைத்து அவன் முன்னால் வைத்தாள். வாளியின் அடி தெரிகிற அளவுக்குத் தெளிவான தண்ணீர். ஆனால் மஞ்சள்.

"மஞ்சள் கரைச்சு வெச்சிருக்கியாக்கா?" என்றான்.

நர்ஸ்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் பிறக்கிற பிள்ளைகளுக்குத் துண்டு பட்ட இடமெல்லாம் சிவந்து வெடித்ததாம். சோப்பை மாற்றினார்கள், பவுடரை நிறுத்தினார்கள், பெற்றவர்களைத் திட்டினார்கள். கடைசியில் துண்டைச் சோதித்து, அதிலிருந்து இந்தக் கிணற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். தண்ணீரில் குரோமியம், தோலை அரிக்கிற விஷம் என்றார். அந்தப் பெயர் தம்பிக்குப் புதிதில்லை. கம்பெனிக்குள் அடுக்கியிருந்த டிரம்களில் எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறான். தெருவில் இன்னும் நாலு வீட்டுக் கிணறு நிறம் மாறத் தொடங்கிவிட்டது என்றும் நர்ஸ் சொன்னார்.

அக்கா இரண்டு கையையும் நீட்டினாள். விரல் முட்டிகளில் பட்டாணி அளவுக்கு வட்டமான குழிகள். ஆணி அடித்துப் பிடுங்கினால் விழுகிற குழி மாதிரி ஆழம், ஓரம் மட்டும் தடித்திருந்தது.

"வலிக்குதாக்கா?"

"வலி இல்லடா. வலிச்சிருந்தா அன்னைக்கே பார்த்திருப்பேனே."

மூக்குத்தியின் ஈர்க்குச்சி அவன் கண்முன் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தான். எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்ததும் சுட்டவன் போல எழுந்தான்.

எங்கே வாங்கினாய் என்று அக்கா கேட்டாள். வாங்கவில்லை, அவர்கள்தான் டீசல் காசு கொடுத்து அனுப்பினார்கள் என்றான்.

"அங்கயும் காசு வாங்கினியா" என்றாள் அக்கா. கேள்வி மாதிரியே இல்லை.

"அள்ளிட்டுப் போயிடறேன்க்கா. இன்னைக்கே, ஒரு கூடை விடாம."

"எங்க கொண்டு போய்க் கொட்டுவீங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

ஏரிக்கரை, கல் உடைத்த பழைய குழி, சந்தைக்குப் பின்னால் இருக்கிற பொட்டல், ஒவ்வொன்றாகத் தம்பியின் மனதில் ஓடியது. எங்கே பார்த்தாலும் பக்கத்தில் ஒரு கிணறு இருந்தது, இல்லாவிட்டால் ஒரு வீடு. நர்ஸ் அடுத்ததையும் கேட்டார்.

"இங்க மட்டும்தான் கொட்டினீங்களா?"

தம்பி சொன்னான். பஸ் ஸ்டாண்டு. புதிதாகக் கட்டுகிற வரிசை வீடுகள். பள்ளிக்கூடத்து மைதானம். அந்த மைதானத்துக்கு எத்தனை லோடு என்று அவன் எண்ணவே இல்லை. நர்ஸ் எழுந்துவிட்டார். லாரியில் ஏறுங்கள், முதலில் அந்தப் பள்ளிக்கூடத்தைக் காட்டுங்கள் என்றார்.

தம்பி சட்டைப் பையிலிருந்த பணத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் வாங்கவில்லை. கொடியிலிருந்து மஞ்சள் விரிப்புகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி இனி அவளுக்குத் துணி அனுப்பாது.

"அந்த ஒரு லோடை நான் விட்டுட்டேன். கணக்கு முடிஞ்சுது" என்றாள், அவனைத் திரும்பிப் பார்க்காமல். "இனிமே எனக்குன்னு எதுவும் கொண்டு வராதடா."