பீரோவைக் கட்டிய கயிறு

இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. வீடு மாற்றினோம். தட்டாஞ்சாவடிக் கம்பெனியில் அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்தபோது, பாத்திரங்கள் எல்லாம் சாக்கில் கட்டி ஏற்றப்பட்டு, குட்டியானை லோடு வண்டி வாசலில் நின்றது. மிச்சம் பீரோ மட்டும்தான்.

அந்த பீரோ ஜன்னல் கம்பியோடு வெள்ளை நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அது அப்பாவின் வழக்கம். கடற்படையில் பதினைந்து வருடம், கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். விசாகப்பட்டினத்திலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் வீட்டில் நகரக்கூடிய எதையும் சும்மா விடமாட்டார். பீரோ, டிவி, கேஸ் சிலிண்டர், தட்டு ஸ்டாண்டு என எல்லாவற்றுக்கும் கயிறு. கப்பலில் கட்டாமல் விட்ட பொருள் ஆளையே கொன்றுவிடும் என்பார். "ஊடு என்னா தண்ணியிலயா மெதக்குது?" என்று அம்மா கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே முடிச்சை இறுக்குவார்.

அவர் முகத்தைவிட அந்த முடிச்சுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் கடலில் இருந்த மாதங்களில், பள்ளிக்கூடம் கிளம்பும்போது பீரோ முடிச்சைத் தொட்டுவிட்டுத்தான் போவேன். எந்த வயதில் தொடங்கினேன் என்று யோசித்தேன், உறுதியாக எழுத முடியவில்லை. லீவில் வந்ததும் பெட்டியைக்கூடத் திறக்காமல் அவர் ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துப் பார்த்து "சரி" என்பார். அந்தச் "சரி" எனக்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன். பணி முடிந்து வந்த மறுவருடமே மாரடைப்பில் போய்விட்டார். பிறகு டிவி மாறியது, ஸ்டாண்டு துருப்பிடித்துப் போனது. அவர் கை பட்டதென்று இந்த ஒரு முடிச்சுதான் மிஞ்சியிருந்தது. அதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வாரமாகத் திட்டம் போட்டிருந்தேன்.

"பொண்ணு, தள்ளிக்க. ஒரே அறுப்பு" என்று வண்டிக்காரர் கோவிந்தசாமி கத்தியோடு வந்தார்.

"முடிச்சுல படக்கூடாதுண்ணே. கம்பிகிட்ட அறுங்க." எங்கே அறுக்க வேண்டும் என்று பேனாவால் கயிற்றில் கோடு போட்டேன்.

"ஆப்பரேஷனா பண்றோம்?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "நல்ல கயித்த எதுக்குடி அறுக்குற?" என்றவள், தொங்கிய நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். முடிச்சு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. கயிறு தரையில் கிடந்தது.

"அம்மா! அது அப்பா கட்டுனது!"

"உங்கப்பாவா? போன போகிக்கு நான் கட்டுனது."

தரையிலேயே உட்கார்ந்தேன். "அப்ப, அப்பா இருந்தப்போ?"

"அப்பவும் நான்தான். அவுரு ஒருதரம் கட்டிட்டு கப்பலுக்குப் போயிடுவாரு. பீரோ பின்னால பெருக்க வேணாமா? கரப்பான் குடும்பமே நடத்தும். அவுப்பேன், பெருக்குவேன், திரும்பக் கட்டுவேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? வந்ததும் வராததுமா இழுத்து இழுத்துப் பாப்பாரே, ஒழுங்கா கட்டியிருக்கறனான்னு."

"பாசமலரு கதைய அப்புறம் பேசிக்கலாம்க்கா, வண்டி நிக்கிது" என்றார் கோவிந்தசாமி.

பீரோவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பள்ளிக்கூடம் போகும்போது நான் தொட்டதெல்லாம் அம்மாவின் முடிச்சு. அந்தச் "சரி"யும் அவளுக்குச் சொன்னது. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று யோசித்தேன். தெரியவில்லை. தூக்கம்தான் வந்தது.

முத்தியால்பேட்டையில் புது வீடு மாடியில். பீரோவை ஏற்றுவதற்குள் மூன்று பேருக்கும் இடுப்பு விட்டுப்போனது. சுவரோரம் இறக்கியதும், "ஜன்னல்கிட்ட தள்ளுங்க" என்றாள் அம்மா.

"இந்த ஊடும் ஆடுமாக்கா?"

"ஆடலன்னா உனக்கு என்னா நஷ்டம்? தள்ளு."

கோவிந்தசாமி போன பிறகு அம்மா மடியிலிருந்து கயிற்றை எடுத்தாள். நான் போட்ட பேனாக் கோடு அதில் அப்படியே இருந்தது. "சாஞ்சிடாம புடி" என்றாள். அந்த பீரோ எங்கும் சாயாது. இருந்தாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கம்பியைச் சுற்றி, வளைத்து, நுழைத்து, நான் பார்த்துப் புரிந்துகொள்வதற்குள் கட்டி முடித்துவிட்டாள். பிறகு ஒதுங்கி நின்று என்னைப் பார்த்தாள்.

கயிற்றை இழுத்துப் பார்த்தேன். எவ்வளவு இறுக்கம் இருக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"சரி" என்றேன்.

"நல்லா இழுத்துப் பாத்துதான் சொல்றியா?"

இன்னொரு முறை இழுத்தேன்.